வெளிநாட்டு ராணுவம் பயிற்சி கொடுத்த போதைத் தடுப்பு, பயங்கரவாத எதிர்ப்புப் படைகள்: பயிற்சி முடிந்த பிறகு என்ன நடக்கிறது?

கடைசிப்பருவம் எழுதியது:

வணக்கம். முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஒரு நாட்டின் ராணுவம் இன்னொரு நாட்டின் போதைப்பொருள் தடுப்புப் படைக்கும் பயங்கரவாத எதிர்ப்புப் படைக்கும் கொடுக்கும் பயிற்சியைத்தான் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறேன். மூன்று மாதமாகப் படிக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

கொலம்பியாவைப் பாராட்டி எழுதுகிறார்கள். 2008 ஜூலை 2 அன்று கொலம்பிய ராணுவம் ஒரு குண்டுகூடச் சுடாமல் 15 பணயக்கைதிகளை ஃபார்க் என்ற கொரில்லா அமைப்பிடமிருந்து மீட்டது. அதில் மூன்று பேர் அமெரிக்கர்கள். பல வருடப் பயிற்சிக்குக் கிடைத்த பலன் என்கிறார்கள். அதே பயிற்சி விஷயத்தில் மெக்சிகோவைப் படித்தால் வயிறு கலங்குகிறது. காஃபே என்ற ராணுவச் சிறப்புப் படையிலிருந்து ஓடிப்போனவர்கள் 1990-களின் கடைசியில் ஒரு போதைக் கும்பலுக்கு அடியாள் படையாகி, அப்புறம் ‘செட்டாஸ்’ என்ற தனிக் கும்பலாகவே வளர்ந்தார்கள். மாலியில் 2012-இல் ஆட்சியைக் கவிழ்த்த கேப்டன் சனோகோ அமெரிக்காவில் பலமுறை படித்தவர். நைஜரில் 2023 ஜூலைக் கவிழ்ப்பில் முன்னால் நின்ற ஜெனரல் பார்மூவும் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்தான்.

ஒரே மாதிரிப் பயிற்சி இவ்வளவு வேறுபட்ட இடங்களில் எப்படிப் போய் நிற்கிறது? மனித உரிமை மீறியவர்களுக்குப் பயிற்சி கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறதாமே, அது எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை? பயிற்சி கொடுத்தவர்களோ பெற்றவர்களோ இங்கே யாராவது இருந்தால், உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். புத்தகத்தில் அது மட்டும் கிடைக்கவில்லை.

—

சட்டப்பிரிவு எழுதியது:

சட்டப் பகுதிக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

‘பயிற்சி’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் அமெரிக்கச் சட்டம் தரும் நாலைந்து வேறு வேறு அதிகாரங்கள் இருக்கின்றன. எந்தக் கணக்கில் பயிற்சி நடந்தது என்று பார்க்காமல் எழுதினால் கட்டுரை ஆட்டம் காணும். போதைத் தடுப்புக்கான பழைய அதிகாரம் 1991 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த பிரிவு 1004. இப்போது அது பிரிவு 284. இதன் கீழ் வெளிநாட்டுப் போலீசுக்கும் பயிற்சி தரலாம். 2016 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தில் பிரிவு 333 வந்தது. பயங்கரவாத எதிர்ப்பு, போதைத் தடுப்பு, எல்லைப் பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது அதுதான். போர்ச் சட்டம், மனித உரிமை, சிவில் ஆட்சிக்குக் கட்டுப்படுவது ஆகியவற்றையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது.

பலர் கவனிக்காதது பிரிவு 322. சிறப்புப் படைகளின் கூட்டுப் பயிற்சி இதன் கீழ்தான் நடக்கிறது. முதன்மை நோக்கம் அமெரிக்க வீரர்கள் தாங்களே பயிற்சி பெறுவதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த நாட்டுப் படை கற்றுக்கொள்வது இரண்டாம்பட்சம். ஒரு பயிற்சி வெற்றியா என்று அளக்கும்போது யாருக்கான வெற்றி என்ற கேள்வி இங்கேயே எழுந்துவிடுகிறது.

நீங்கள் கேட்ட சட்டம் லீஹி சட்டம், செனட்டர் பேட்ரிக் லீஹியின் பெயரால். 1997-இலிருந்து படிப்படியாக வந்தது. சித்திரவதை, நீதிமன்றத்துக்கு வெளியே கொலை, ஆளைக் காணாமல் ஆக்குவது, பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒரு படைப்பிரிவு ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் இருந்தால் அந்தப் பிரிவுக்கு உதவி கிடையாது. நல்ல சட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது திரும்பிப் பார்க்கிற சட்டம். நேற்று என்ன செய்தான் என்று கேட்கும். பயிற்சி முடித்து ஊருக்குப் போய் நாளை என்ன செய்வான் என்பது அதன் கைக்குள் வராது. இன்னொரு ஓட்டையும் உண்டு. உள்ளூர்ப் படைகளைத் தன் சார்பில் களத்தில் இறக்கும் 127இ என்ற பிரிவுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை என்பது பெண்டகனின் நிலைப்பாடு.

—

பழையகாலாள் எழுதியது:

தம்பி, நான் காலாட்படையில் 26 வருடம் இருந்தவன். அதில் நான்கு வருடம் காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளர். எங்களிடம் வெளிநாட்டு வீரர்களும் வந்து படிப்பார்கள். எந்த நாடு, எந்தப் பேட்ச் என்று சொல்ல மாட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

ஆறு வாரப் பயிற்சி. முதல் வாரம் உடம்பும் துப்பாக்கியும். அப்புறம் வரைபடம், இரவு நடை, பதுங்கித் தாக்குவது, தாக்குதலில் மாட்டினால் வெளியே வருவது, கட்டடத்துக்குள் நுழைவது, முதலுதவி. எல்லாமே மொழிபெயர்ப்பாளர் வழியாக. நான் ஒரு வாக்கியம் சொல்லி முடித்து, அவர் அதைச் சொல்லி, அவர்கள் கேள்வி கேட்டு, அது எனக்குத் திரும்பி வருவதற்குள் கால்மணி நேரம் போய்விடும். ஆறு வாரம் என்று தாளில் இருந்தாலும் பாடம் மூன்று வாரத்துக்குத்தான் நடந்தது.

ஒரு பேட்சில் 12 பேர் வந்தார்கள். பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அருமையான பையன்கள். முதலுதவி வகுப்பில் காலில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் பட்டையைக் கொடுத்துப் பழக்கினேன். ஒரே கையால், கண்ணை மூடிக்கொண்டு, படுத்தபடி கட்டும் அளவுக்குத் தேறினார்கள். கடைசி நாள் அவர்களில் மூத்தவன் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு தனியாக வந்தான். பழகிப் பழகித் தேய்ந்துபோன அந்தப் பட்டைகளை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டான். அவர்கள் பிரிவில் ஒன்றுகூடக் கிடையாதாம்.

பொருள் கணக்கில் இருந்ததால் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. மேலே கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். அன்று ராத்திரி அந்த 12 பேரையும் உட்காரவைத்து, மூன்று விரல் அகலத் துணியும் ஒரு குச்சியும் வைத்து முறுக்கிக் கட்டுவது எப்படி என்று காட்டினேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆறு வாரத்தில் நான் கொடுத்தவற்றில் அவர்கள் ஊரில் நிச்சயமாகப் பயன்பட்டிருக்கக்கூடியது அந்த ஒரு மணி நேரம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அதே நாட்டிலிருந்து ஒரு அதிகாரி வேறு வகுப்புக்கு வந்தார். என் நோட்டில் எழுதிவைத்திருந்த 12 பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதே பிரிவில் இருந்தது இரண்டு பேர். நான்கு பேரைப் பெரிய மனிதர்களுக்கு மெய்க்காவலாகப் போட்டுவிட்டார்கள், வெளிநாட்டில் படித்தவன் பக்கத்தில் நிற்பது அவர்களுக்குக் கௌரவம். ஒருவன் அலுவலகத்தில். மூன்று பேர் வேலையை விட்டுத் தனியார் காவலுக்குப் போய்விட்டார்கள், அங்கே சம்பளம் மூன்று மடங்கு. ஒருவன் இறந்துவிட்டான். இன்னொருவனைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. பயிற்சி தோற்றதா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? 12 பேரும் நன்றாகக் கற்றார்கள். கற்றது அவர்கள் கையோடு போயிற்று. பிரிவில் தங்கவில்லை.

நீ மெக்சிகோவைப் பற்றிக் கேட்டதற்கும் இதுதான் என் பதில். ஒரு படைக்கு அமெரிக்கப் பயிற்சி கிடைத்தது என்பதும், அதிலிருந்து ஓடிப்போன ஒவ்வொருவனும் அந்த வகுப்பில் உட்கார்ந்தான் என்பதும் ஒன்றல்ல. அதைக் கவனமாகப் பிரித்து எழுது. ஆனால் கும்பல் எதற்கு அவர்களைத் தேடிப்பிடித்தது என்று பார். வானொலி, பதுங்கித் தாக்குதல், கட்டுப்பாடு. இந்தத் திறமைக்கு அரசு ஒரு சம்பளம் தருகிறது, கும்பல் பல மடங்கு தருகிறது. துப்பாக்கியைப் பூட்டிவைத்துக் கணக்கு எழுதலாம். ஆள் தலைக்குள் இருப்பதை எந்தக் கிடங்கில் பூட்டுவது? கொலம்பியாவில் ஓய்வு பெற்ற வீரர்கள் கூலிக்குப் பல நாடுகளுக்குப் போகிறார்கள். 2021 ஜூலையில் ஹைட்டி அதிபர் மோயிஸைக் கொன்ற வழக்கில் பிடிபட்டவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், அதில் சிலர் அமெரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் என்று பெண்டகனே சொன்னது.

போதைத் தடுப்பைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், இது என் மனதை இன்னும் உறுத்துகிறது. சிப்பாய்க்கு நாங்கள் சொல்லித்தருவது இடத்தைப் பிடி, ஆபத்தை அகற்று, கிளம்பு. போதை வழக்கு அப்படியே தலைகீழ். பொட்டலத்தை யார் முதலில் பார்த்தது, யார் தொட்டது, எங்கே எடை போட்டது, யார் முத்திரை வைத்தது, எல்லாம் நீதிமன்றத்தில் ஒருவன் நின்று சொல்ல வேண்டும். எங்கள் ஆறு வாரத்தில் இதற்காக ஒரு போலீஸ் அதிகாரி வந்து பேசியது இரண்டு மணி நேரம். ஒத்திகைச் சோதனையில் பையன்கள் 40 விநாடியில் வீட்டைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு எல்லாப் பொட்டலத்தையும் வாரி நடுக்கூடத்தில் குவித்து, சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். அந்தப் போலீஸ் அதிகாரி மட்டும் கைதட்டவில்லை. வழக்கு இப்போதே செத்துவிட்டது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்த பேட்சுக்கு அவருக்கு இரண்டு நாள் ஒதுக்கக் கேட்டேன். அரை நாள் கிடைத்தது.

—

கடைசிப்பருவம் எழுதியது:

ஐயா, இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி. அப்படியென்றால் கொலம்பியாவை என்ன சொல்வது? அங்கே மட்டும் ஏன் தங்கியது?

—

ஆண்டெஸ்வாசகர் எழுதியது:

கொலம்பியாவை நான் பல வருடமாகப் பின்தொடர்கிறேன், இதற்கு நான் சொல்கிறேன்.

தங்கியதற்குக் காரணம் காலமும் பணமும். அங்கே போதைத் தடுப்புப் போலீசில் ஹுங்லா என்ற கமாண்டோப் பிரிவு இருக்கிறது. 1989-இல் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் பயிற்சி கொடுத்து ஆரம்பித்தது. அப்புறம் அமெரிக்கச் சிறப்புப் படை தொடர்ந்தது. எஸ்பினாலில் அவர்களுக்கென்று பள்ளியே உண்டு, பின்னால் மற்ற லத்தீன் அமெரிக்க நாட்டுப் போலீசார்கூட அங்கே வந்து படித்தார்கள். முக்கியமாக அவர்கள் போலீஸ், ராணுவம் இல்லை. காலாள் ஐயா சொன்ன அந்த முத்திரை, சாட்சி விவகாரம் அவர்கள் வேலையின் பகுதி. 2000-இல் ‘பிளான் கொலம்பியா’வுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 130 கோடி டாலர் ஒதுக்கியபோது ராணுவத்தில் போதைத் தடுப்புக்கென மூன்று பட்டாலியன் கொண்ட பிரிகேட், ஹெலிகாப்டர், பழுது பார்க்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. ஆறு வாரம் இல்லை, பதினைந்து இருபது வருடம்.

ஆனால் இதை வெற்றிக் கதையாக மட்டும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. முதலில் போதைத் தடுப்புக்கு என்று கொடுத்த உதவியை, 2002-இல் சட்டத்தைத் திருத்தி, கொரில்லாக்களுக்கு எதிரான போருக்கும் பயன்படுத்தலாம் என்றார்கள். அதே காலத்தில் ராணுவத்துக்குள் வெற்றியைப் பிண எண்ணிக்கையால் அளந்தார்கள். கொன்றவனுக்கு விடுப்பு, பதக்கம், பதவி உயர்வு. 2005-இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் 29-ஆம் எண் ஆணை கொல்லப்பட்ட, பிடிபட்ட தலைவர்களுக்குப் பரிசுத்தொகைப் பட்டியலே போட்டது. விளைவு, வேலை தருவதாகச் சொல்லி ஏழைப் பையன்களைக் கூட்டிப்போய்ச் சுட்டு, கொரில்லா உடை மாட்டிக் கணக்குக் காட்டினார்கள். சோவாச்சா ஊர்த் தாய்மார்கள் 2008-இல் தங்கள் பிள்ளைகளைத் தேடிப்போய்த்தான் இது வெளியே வெடித்தது. 2002-க்கும் 2008-க்கும் இடையில் அப்படிக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 6,402 பேர் என்று கொலம்பியாவின் அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் 2021-இல் அறிவித்தது. நீங்கள் சொன்ன அந்தக் குண்டு சுடாத மீட்பும் அதே 2008-இல்தான்.

கொக்கெய்ன் எடுக்கப்படும் கோகா இலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா. கணக்குப்படி 2012-இல் சுமார் 48,000 ஹெக்டேராக இறங்கியிருந்த பயிர் 2023-இல் 2,53,000 ஹெக்டேர். படை பலமாகத்தான் இருக்கிறது. இலையும் முன்னைவிட அதிகமாக விளைகிறது.

—

வடக்குக்காற்று எழுதியது:

எல்லோரும் குறைகளையே சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பயிற்சியே இல்லாவிட்டால்? பயிற்சி பெறாத பையன்களை மலைக்கு அனுப்பினால் அவர்களும் சாவார்கள், நடுவில் மாட்டும் கிராமத்தாரும் சாவார்கள். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா போதைத் தடுப்புக்குச் செலவிட்ட 800 கோடி டாலருக்கு மேல் வீண் என்று எழுதுவது சுலபம். 2017-இல் அபின் பயிர் 3,28,000 ஹெக்டேர், அதுவரை இல்லாத உச்சம், உண்மைதான். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற தேசியத் தடுப்புப் பிரிவு போலீசார் பிடித்த ஆட்களைக் காபூலில் தனி நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை வாங்கினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களை மறந்துவிட வேண்டாம்.

—

பழையகாலாள் எழுதியது:

வடக்குக்காற்று சொல்வதை ஏற்கிறேன். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, என் வாழ்க்கையில் நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். ஆப்கானிஸ்தானை எடுத்தது நல்லது. பிரிட்டன் அங்கே போதைத் தடுப்புக்கென்று உருவாக்கியதுதான் 333 என்ற கமாண்டோப் படை (மேலே வந்த சட்டப்பிரிவு 333 வேறு). 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்த பிறகு 333-இலும் அதேபோன்ற 444 என்ற படையிலும் இருந்தவர்களில் பலர் அடைக்கலம் கேட்டு மனுப் போட்டார்கள். நிறையப் பேரை மறுத்துவிட்டு, 2024-இல்தான் அந்த மனுக்களைத் திரும்பப் பார்க்கிறோம் என்று பிரிட்டிஷ் அரசு சொன்னது. கூடவே படுத்து, கூடவே நடந்து பழக்கிய பையன், நம்மிடம் பழகிய ஒரே குற்றத்துக்காக ஒளிந்து வாழ்கிறான். ஒரு பயிற்சியாளனாக இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை.

பிலிப்பைன்ஸையும் பார், தம்பி. 2015 ஜனவரி 25, மாமாசபானோ. அமெரிக்க உதவியோடு தேறிய போலீஸ் சிறப்புப் படை, மார்வான் என்ற வெடிகுண்டு நிபுணனைத் தேடி ராத்திரியில் உள்ளே போய்க் கொன்றது. குறி தப்பவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த ராணுவத்துக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அங்கிருந்த மோரோ கிளர்ச்சியாளர்களோடு அரசு வைத்திருந்த போர்நிறுத்தக் குழுவுக்கும் சொல்லவில்லை. விடிந்ததும் சோளக்காட்டில் மாட்டிக்கொண்டார்கள். 44 போலீசார் இறந்தார்கள். ஒரு கம்பெனியில் இருந்த 36 பேரில் உயிரோடு திரும்பியது ஒரே ஒருவன். கதவை உடைக்கிற கலையில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. உதவிக்குக் கூப்பிட்டால் யார், எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பது வகுப்பில் எங்குமே இல்லை, அது அவர்கள் நாட்டு ராணுவமும் போலீசும் உட்கார்ந்து பேச வேண்டியது.

—

கடைசிப்பருவம் எழுதியது:

ஐயா, கடைசியாக ஒன்று. பயிற்சித் திட்டங்களில் வேலை பார்த்த இருவரைப் பேட்டி எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. தலா அரை மணி நேரம்தான். நீங்களாக இருந்தால் என்ன கேட்பீர்கள்?

—

பழையகாலாள் எழுதியது:

எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்காதே. அந்த எண்ணை அவர்களே அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். முதல் பேட்சில் வந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். பெயர் வேண்டாம், பிரிவில் எத்தனை பேர், வெளியே எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர். நீங்கள் கிளம்பிய பிறகு அவர்களுக்குச் சம்பளமும் பாட்டரியும் மருந்தும் யார் கணக்கில் வருகிறது என்று கேள். அவர்களில் ஒருவன் தப்புச் செய்தால் எந்த நீதிமன்றம் விசாரிக்கும், இதுவரை ஒருவனையாவது விசாரித்திருக்கிறதா என்று கேள். நேரம் மிச்சமிருந்தால், பாடத்திட்டத்தில் இல்லாத எதையாவது நீங்களாகச் சொல்லிக்கொடுத்தீர்களா என்றும் கேட்டுப் பார். அதற்கு வரும் பதிலை அப்படியே எழுதிவை.

என் நோட்டில் அந்த 12 பேர் பக்கம் இன்னும் இருக்கிறது. பெயர்களை மறைத்துவிட்டுப் படம் எடுத்து உனக்குத் தனியாக அனுப்புகிறேன். ஓரத்தில் துணியும் குச்சியும் வரைந்திருப்பேன், அதையும் பார்.